அமிமியின் வயலில் புதைத்தது

வட அமெரிக்காவின் ஓகையோ ஆற்றில் ஒரு சிற்றாறு வந்து கலக்கிற முக்கில் அமிமியின் மக்காச்சோள வயல் இருந்தது. அவளுடைய அம்மா காடு வெட்டித் திருத்திய வயல். அவளுடைய பூர்வகுடியான லெனாபே ஜனங்களிடம் வயல் பெண்களுக்கு, வேட்டை ஆண்களுக்கு. இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை.

ஒரு கோடையில் பிரெஞ்சுக்காரர்கள் இருபது படகில் வந்து இறங்கினார்கள். வயலோரத்து எல்ம் மரத்தடியில் குழி தோண்டி, துணியில் சுற்றிய எதையோ உள்ளே வைத்து மூடினார்கள். எல்லாரும் தொப்பியைக் கழற்ற, ஒருவன் எதையோ உரக்கப் படித்தான். துப்பாக்கி வெடித்தார்கள். போய்விட்டார்கள்.

“யாரோ செத்துட்டாங்க போல, அக்கா,” என்றான் தம்பி மொஸ்கி.

“குழி இத்துனூண்டுதான் இருந்துச்சு. குழந்தையா இருக்கும். பாவம், யார் பெத்ததோ.”

யார் பிள்ளையானால் என்ன, செத்தவர்களைப் பட்டினி போடலாமா? அந்த மரத்தைச் சுற்றி சோளம் ஊன்றுகிற மண்மேட்டில் நாலை விதைக்காமல் விட்டாள். சோளக்கஞ்சி காய்ச்சும்போதெல்லாம் ஒரு கிண்ணம் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு வருஷம் வைத்தாள்.

தோல் வாங்க வந்த ஆங்கிலேய வியாபாரி ஒருவன், லெனாபே பேச்சு தெரிந்தவன், அந்தக் கிண்ணத்தைப் பார்த்து விசாரித்தான். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அடியில பொணமெல்லாம் இல்லம்மா. தோண்டிப் பாரு.”

“பொணம் மட்டும் இருந்துச்சுன்னா, உன்னையும் கூடவே போட்டு மூடிடுவேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் அமிமி களைக்கொத்தை எடுத்தாள்.

உள்ளே ஒரு காரீயத் தகடு. ஒரு சாண் அகலம், முழுக்க எழுத்து. இந்த ஆறும், இதில் வந்து விழுகிற ஆறுகளும், இரு கரை நிலமும் பிரெஞ்சு ராஜாவுடையவை என்று வியாபாரி படித்துச் சொன்னான்.

“ரெண்டு வருஷமா நான் ராஜாவுக்கா கஞ்சி ஊத்தினேன்?”

“உன் கஞ்சி குடிச்ச தெம்புலதான் ஆத்தையே கேக்குறாரு,” என்றான் மொஸ்கி.

தன் ஊர்ப் பெரியவர்களிடம் காட்ட வேண்டும் என்று வியாபாரி தகட்டைக் கேட்டான்.

“எதுக்கு? உங்க ராஜா பேரைப் போட்டு இன்னொண்ணு கொண்டாந்து புதைக்கவா?”

தர மாட்டேன் என்றால் தர மாட்டேன்தான். அமிமி பிடிவாதக்காரி என்று ஊரே சொல்லும். சொல்லட்டுமே. அன்றைக்கே தகட்டை நறுக்கிச் சுருட்டி மீன்வலைக்குக் குண்டாகக் கட்டிவிட்டாள். வலை நன்றாகத்தான் அமிழ்ந்தது.

தகடு போனாலும் சண்டை போகவில்லை. கடலுக்கு அப்பால் சீமான்களுக்குப் பீவர் என்கிற ஆற்று விலங்கின் தோலில் தொப்பி வேண்டும். தோல் இந்த ஆற்று வழியாகத்தான் போக வேண்டும். ஆறு யார் கையிலோ தோல் அவர் கையில். அதற்காக இரண்டு ராஜாக்களும் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். மொஸ்கி பிரெஞ்சுக்காரரோடு சண்டைக்குப் போய், இடது கையில் மூன்று விரலோடு திரும்பினான். அமிமியின் வயலைச் சிப்பாய்கள் இரண்டு தடவை மிதித்தார்கள், ஒரு தடவை கொளுத்தினார்கள். மூன்று தடவையும் அவள் மறுபடி விதைத்தாள்.

பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ சமாதானம் ஆகிவிட்டது என்றார்கள். அடுத்த வசந்தத்தில் ஆங்கிலேய நில அளவைக்காரன் ஒருவன் அளவுச் சங்கிலியோடு வயலில் இறங்கினான். பேச்சுக்குத் துணையாக வந்தவன் அந்தப் பழைய வியாபாரி.

“பிரெஞ்சு ராஜா இந்த நிலத்தை எங்க ராஜாவுக்குக் குடுத்துட்டாரும்மா,” என்றான்.

அமிமி போய் வலையை எடுத்து வந்தாள். வியாபாரியின் தொப்பியை வாங்கி, ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அதற்குள் போட்டாள்.

“அவரு இங்க வச்சது இதுதான். எடுத்துக்க. வயலை நான் அவருக்குக் குடுக்கவே இல்ல, அவரு எப்பிடி உங்களுக்குக் குடுப்பாரு?”

இந்தத் தடவை வியாபாரி சிரிக்கவில்லை. அவள் சொன்னதை அளவைக்காரனுக்குச் சொல்லவும் இல்லை. சங்கிலி வயலின் குறுக்கே நீண்டுகொண்டே போயிற்று.

அதன் பிறகும் இரண்டு அறுவடை அவள்தான் எடுத்தாள். மூன்றாம் வருஷம் வேலி வந்தது. வேலிக்குள் ஒரு வீடு, வீட்டு வாசலில் துப்பாக்கியோடு ஓர் ஆள். அமிமி விதைச்சோளத்தைப் பையில் கட்டிக்கொண்டு மொஸ்கியோடு மேற்கே நடந்தாள். மஸ்கிங்கம் ஆற்றங்கரையில் நல்ல கறுப்பு மண் கிடைத்தது.

கூட வந்த பெண்கள் விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இவள் மட்டும் கரையோரத்துப் பெரிய மரத்தடியில் குனிந்து கொத்திக்கொண்டிருந்தாள்.

“விதைக்காம அங்க என்னக்கா தேடுறே?” என்றான் மொஸ்கி.

“நீ அந்தப் பக்கத்து மரத்தடியைத் தோண்டு,” என்றாள் அவள், நிமிராமலே. “அடி வரைக்கும் தோண்டணும். ஒண்ணும் இல்லேன்னா சொல்லு, அப்புறம் விதைக்கலாம்.”