நிறுத்தி வைக்கப்படும்

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் மலைக்கிராமத்துக்கு முதன்முதலாகப் பஸ் வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில் வேறு பல ஊர்களுக்கு அதன்பிறகும் வெகுகாலம் பஸ் கிடையாது என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் ஜீப்பில் வந்த அதிகாரிகள் தேங்காய் உடைத்து, பஸ்ஸுக்கு மாலை போட்டு, தாங்களே ஏறி இரண்டு வளைவு தூரம் போய் இறங்கி, ஜீப்பிலேயே திரும்பிப் போனார்கள். நிழற்குடைச் சுவரில் அவர்கள் எல்லாருடைய பெயரும் நீலப் பெயிண்டில் இருந்தது. பஸ் வரும் நேரத்தை எழுதத்தான் இடம் போதவில்லை.

நேரம் எங்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு வந்து, சந்தை கூடுகிற ஊர் வழியாகக் கீழே போளூருக்கு இறங்கும். அதற்குமுன் ஆபத்து என்றால் டோலிதான். கனத்த மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, ஆளை உள்ளே படுக்கவைத்து, ஆண்கள் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு காட்டுப்பாதையில் இறங்குவார்கள். அந்த மூங்கில் எங்கள் வீட்டுக் கூரையடியில்தான் செருகியிருக்கும். பஸ் வந்த அன்று தோரணம் கட்ட அதை எடுத்துப்போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அந்த மார்கழியில் அப்பாவின் தங்கை, என் அத்தை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிற நர்சம்மா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, வலி எடுப்பதற்கு முன்பே போளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பொங்கலை ஒட்டிக் கூட்டிப் போய்விடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

நான் அப்போது சந்தை ஊரில் விடுதியில் தங்கி நாலாம் வகுப்பு படித்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்த வருடம் வாசிப்புப் போட்டியில் முதலாவதாக வந்ததற்கு ஒரு சோப்பு டப்பா பரிசு கொடுத்திருந்தார்கள். அதில் சோப்பு வைக்க மனம் வராமல் வெறுமையாகவே வைத்திருந்தேன்.

போகியன்று என்னை லீவுக்கு அழைத்துப்போக அப்பா வந்தார். வழியில் அரசாங்க அலுவலகம் ஒன்று இருந்தது. அதன் வெளிச்சுவரில் அறிவிப்புத் தாள்கள் ஒட்டிக் கிடந்தன. அப்பா நின்றார்.

"பாப்பா, இன்னா எழுதிருக்குதுன்னு படி."

நான் ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தேன். பண்டிகையை முன்னிட்டு அலுவலகம் நான்கு நாள் இயங்காது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் விடுப்பில் செல்கிறார். மாடுகளுக்கு ஊசி போடும் முகாம் தள்ளிவைக்கப்படுகிறது. எருது விடும் ஊர்கள் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அப்பா அதிகாரியின் முன்னால் நிற்பதுபோலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார். சந்தைக்கு வந்த இரண்டு பேர் நின்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். எனக்குக் குரல் இன்னும் உயர்ந்தது. கடைசித் தாள் பஸ்ஸைப் பற்றியது. சமவெளி ஊர்களுக்கிடையே பண்டிகைக்காலச் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும். இதன்பொருட்டு மலை வழித்தடப் பேருந்து இன்று முதல் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தி வைக்கப்படும்.

"பஸ்ஸு இன்னாவாம்? நிறுத்திட்றாங்களா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நிறுத்தி வெப்பாங்களாம். நிறுத்தறது வேற, நிறுத்தி வெக்கிறது வேற. பண்டிகைன்னு ஸ்பெஷல் பஸ்ஸு வுடறாங்க. நம்ம பஸ்ஸ மலையிலயே நிறுத்தி வெப்பாங்க."

"கீழ எடுத்துனு போய்ட மாட்டாங்களே?"

"மாட்டாங்கப்பா."

சந்தையில் மாட்டுவண்டிகளை நிறுத்தி வைப்பதை நான் வாரந்தோறும் பார்த்திருக்கிறேன். அவை எங்கும் போகாது. வேண்டும்போது மாட்டைப் பூட்டிக் கிளம்பலாம். எனக்குத் தெரிந்த பொருள் அதுதான். இன்னொரு பொருள் இருக்கக்கூடும் என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். குறுக்குப்பாதையில் வீடுவரை நடந்தே போனோம்.

"நாத்தனார நாளைக்கே கூட்டினு போய்டலாம். நர்சம்மாவும் லீவுல போறாங்கன்றீங்க," என்றாள் அம்மா.

"நாளைக்குப் பொங்கலு. வெச்சி சாப்புட்டுட்டு நாளான்னிக்குப் போலாம். பஸ்ஸுதான் மலையிலயே நிக்கப்போவுதே, பாப்பா படிச்சிதே," என்றார் அப்பா.

அத்தைக்கும் அதுதான் பிடித்தது. பிறந்த வீட்டில் புதுச்சாமைப் பொங்கல் சாப்பிட அவளுக்கு ஆசை. பஸ் இல்லை என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே புது மூங்கில் வெட்டி, டோலி கட்டி இறக்கியிருப்பார்கள். ஊரில் அன்று ஆண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

பொங்கலன்று யாரும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. நிழற்குடை ஒரு மேட்டைத் தாண்டி இருந்ததால் பஸ் வந்ததா என்று யாரும் கவனிக்கவுமில்லை. மறுநாள் அத்தையைக் கூட்டிப்போக அப்பா நின்றுவிட்டார்; மற்ற ஆண்கள் விடிவதற்கு முன்பே வேறொரு ஊருக்கு எருது விடுவதைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் அத்தைக்கு வலி கண்டது.

அத்தையைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டுபோய் நிழற்குடையின் சிமெண்டுத் திண்டில் உட்கார வைத்தோம். நான் சாலை வளைவில் போய் நின்றுகொண்டேன். பத்து மணி ஆகியிருக்கும், தாண்டியும் இருக்கும். காற்று மரங்களில் இரையும்போதெல்லாம் "வருது, வருது" என்று கத்தினேன். அத்தை ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கப் பார்த்தாள். பிறகு எழுந்திருக்க முயலவில்லை. சுவரில் இருந்த பெயர்களின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள்.

"சரியா படிச்சியாடி?" என்றாள் அம்மா.

"சரியாத்தாம்மா படிச்சேன்."

அப்பா குறுக்குப்பாதையில் சந்தை ஊருக்கு ஓடினார். உச்சிவெயிலில் திரும்பி வந்தபோது அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அலுவலகம் பூட்டிக் கிடந்ததாம். வாட்ச்மேன்தான் சொன்னானாம், பண்டிகை முடிகிறவரை மலைக்குப் பஸ் கிடையாது, கீழே ஓட்டக் கொண்டுபோய்விட்டார்கள், சுவரில் அவ்வளவு பெரிதாக ஒட்டியிருந்ததே என்று. அம்மா என்னைப் பார்த்துக் கையை ஓங்கினாள். அப்பா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். மூங்கில் வெட்ட ஓடினார்.

வெட்டிய பச்சை மூங்கில் பாரத்தில் வளைந்தது. அப்பாவும், எருது பார்க்கப் போக முடியாத இரண்டு கிழவர்களும், கால் கொஞ்சம் இழுத்து நடக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கினார்கள். அம்மா கூடவே போனாள். பக்கத்து வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். லீவு முடிந்தும் விடுதிக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் ஊரிலேயே இருந்தேன்.

பத்து நாள் கழித்து அத்தை திரும்பி வந்தாள். பண்டிகை முடிந்து ஓடத் தொடங்கியிருந்த அதே பஸ்ஸில், காலை பத்து மணிக்குச் சரியாக வந்து இறங்கினாள். கையில் குழந்தை இல்லை. ஆண் குழந்தையாம், வழியிலேயே போய்விட்டதாம். அத்தை பிழைக்க வேண்டும் என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்பதைப் பெரியவர்கள் எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசிக்கொண்டார்கள். மாமா ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது. அத்தை கடைசிவரை எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

அவள் திரும்பிய இரண்டாம் நாள், லீவு முடிந்து வந்த நர்சம்மா எழுதி அனுப்பியதன்பேரில் விசாரணைக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிளார்க் நின்றபடி எழுதினார்.

"முன்னாடியே சொல்லியும் ஏன்யா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல?"

"பஸ்ஸு வரும்னு இருந்துட்டேங்க சார்."

"நோட்டீஸ் ஒட்டியிருந்ததே?"

"எனுக்குப் படிக்கத் தெரியாதுங்க. சந்தைக்கு வந்த ஆளு ஒருத்தரப் படிச்சிச் சொல்லச் சொன்னேன். அவுரு தப்பா சொல்லிட்டாருங்க."

"யாரு அந்த ஆளு? பேரு இன்னா?"

"தெரியலிங்க. வழியில போற ஆளு."

"கூடப் பொறந்தவ உயிரு சமாச்சாரத்த, வழியில போறவன் பேச்ச நம்பி வுட்டுட்டியா? அறிவு இருக்குதாய்யா உனக்கு?"

"தப்புதாங்க சார்."

அதிகாரி கிளார்க்கிடம் உரக்கச் சொன்னார்: குடும்பத்தாரின் அறியாமையும் அலட்சியமும் காரணம் என்று எழுது. அப்பா தலையைக் குனிந்து கைநாட்டு வைத்தார். மலைப்பஸ்ஸைக் கீழே கொண்டுபோனது யார் என்று அந்தத் தாளில் எங்கும் எழுதவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நாந்தான்..." என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"அண்ணா, பாப்பாவ உள்ள அனுப்பு. எனுக்குத் தண்ணி வேணும்."

போனேன். தண்ணீர்ச் சொம்பு அவள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் கிளம்பிச் சத்தம் அடங்கும்வரை விடவில்லை.

"அப்பா பொய் சொல்றாரு அத்த. நாந்தான படிச்சேன்? நான் ஒரு எழுத்துகூட தப்பா படிக்கல," என்றேன்.

"ஆமா பாப்பா. நீ நல்லாத்தான் படிச்ச."

பழைய புடவையைக் கிழித்து அவள் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணி முன்பக்கம் நனைந்திருந்தது. தை மாதக் குளிரில் ஈரத்துணியோடு படுத்திருக்கிறாளே என்று, விடுதியில் எனக்குக் கொடுத்த போர்வையைக் கொண்டுவந்து அவள் கழுத்துவரை போர்த்திவிட்டேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் படித்ததை எவனோ வழிப்போக்கன் படித்ததாகச் சொல்லிவிட்ட அப்பாவோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, அவர் உள்ளே வந்து என்னைச் சமாதானப்படுத்தட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.