பதினாறாம் பிரிவும் ஒரு மோடமும்

இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி ஒருவர் பொருள் வாங்கினால், அது அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும். சரக்கு விற்பனைச் சட்டம், பதினாறாம் பிரிவு. திருவனந்தபுரம் தம்பானூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நாகர்கோவில்காரரிடம், போன் கம்பி வழியே இணையம் தரும் மோடத்தை நான் சொல்லித்தான் வாங்கினேன். "என்னிடம் இருப்பது லினக்ஸ். இந்த மோடம் அதில் ஓடுமா?"

"எல்லாத்துலயும் ஓடும் சாரே. ஒண்ணும் பேடிக்கண்டா, பயமே வேண்டாம்."

ஓடவில்லை. பாதி வேலையை விண்டோஸின் தலையில் கட்டிவிட்டு மலிவாகச் செய்த, கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டை அது. லினக்ஸுக்கு வெறும் தகடு.

வலியசாலையில் எங்கள் தெரு முழுக்க ஓடியது திருட்டு விண்டோஸ். ஆயுள் முழுதும் தணிக்கைத் துறையில் அடுத்தவர் குற்றத்தைத் தோண்டியவன் வீட்டில் திருட்டு வட்டு இருக்கலாமா? பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸைப் போட்டேன்.

இணையம் எனக்காக அல்ல, மனைவிக்காக. அவளுக்குக் காது அறவே போயிருந்தது. அமெரிக்காவில் இருந்த மகளோடு போனில் பேச முடியாது. மெயில் வந்தால் படிப்பாள். அந்த மெயில்கள் எதிர்வீட்டில் அவள் தம்பியின் கம்ப்யூட்டருக்கு வந்தன. அச்சடித்துக் கொண்டுவருவான், தெருவுக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு.

"அத்திம்பேர், உங்க லினக்ஸ் முழிச்சுண்டுதா? இல்லை, அதுவும் ரிட்டயர் ஆயிடுத்தா?" என்பான். தம்பி நலம் விசாரிக்கிறான் என்று நினைத்து அவள் புன்னகைப்பாள்.

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன்.

"பெட்டியப் பிரிச்சுப் பொளிச்சாச்சே சாரே, இனி மாத்த ஒக்காது. வெளிய வைக்கிற மோடம் ஒண்ணு வாங்குங்க. அது லினக்ஸுலயும் ஓடும்."

முதலில் சொன்னதும் இதே வாய்தான். கடைக்கும் மோடம் செய்த கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அட்டையைக் கழற்றி உறையிலிட்டு அரக்கு வைத்தேன். சாட்சியப் பொருளைக் கையாளும் முறை அது.

மகளுக்குக் கரு கலைந்த செய்தி அந்த நாட்களில்தான் வந்தது. காலையில் கோயிலில் ஒரு மாமி இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். எதற்கென்று புரியாமல் இவள் சிரித்திருக்கிறாள். அச்சடித்த தாள் மாலையில்தான் வீட்டுக்கு வந்தது.

படித்து முடித்தவள், "அந்த வெளி மோடத்தை வாங்கித் தொலைங்கோ!" என்று கத்தினாள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. தெருவே கேட்டது.

நான் தாளில் எழுதிக் காட்டினேன்: "இன்னொன்று வாங்கினால் புகார் நீர்த்துப்போகும். கம்பெனியின் பதில் வரட்டும்."

இரண்டு முறை படித்தாள். தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். அதன்பின் மகள் அவளுக்கு மட்டும் டிக்கெட் அனுப்பினாள். விமான நிலையத்துக்குத் தம்பி கார் ஏற்பாடு செய்தான்.

காரில் ஏறியபின் கண்ணாடியை இறக்கித் தெருவே கேட்கச் சொன்னாள்: "போய்ச் சேர்ந்ததும் மெயில் போடறேன். எதிராத்துல போய் வாங்கிக்கோங்கோ."

தங்கள் மோடம் விண்டோஸுக்கு மட்டுமே உரியது என்ற கம்பெனியின் ஒற்றை வரிப் பதில், ஒப்புகையில் நான் கையெழுத்திட, என் கைக்கு வந்தது அவள் கிளம்பிய அதே தேதியில், பிற்பகல் தபாலில்.