ஸ்லாவ்காம்மாவின் நிலவறை

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது எனக்கே நடந்தது. பல்கேரியாவின் சோஃபியா நகரில், பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

மாதச் சந்தா வாங்கிக்கொண்டு வீட்டுக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கடை ஒரு நிலவறை. ஜன்னல் தெருமட்டத்தில் இருக்கும். வருகிறவர்கள் மண்டியிட்டுத்தான் என்னிடம் பேசவேண்டும். இடம் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஸ்லாவ்காம்மாவுடையது. கணவரை இழந்தவர். என் வாடிக்கையாளரும்கூட.

மதியம் 2.10. அவரிடமிருந்து போன்.

“தம்பி சோன்யோ, மவுஸ் அம்பு தானா ஓடுது.”

கடையிலிருந்தபடியே இணையம் வழியாக அவர் கணினிக்குள் நுழைந்தேன்.

“மவுஸிலேர்ந்து கையை எடுங்கம்மா.”

“நான் அடுப்படியில பீன்ஸ் கிளறிட்டிருக்கேன்டா!”

அம்பு நகர்ந்தது. வெற்றுப் பக்கம் ஒன்று திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

கதவைத் திற, ஸ்லாவ்கா.

எவனோ திருட்டுப்பயல் புகுந்துவிட்டான் என்று எரிச்சல்தான் வந்தது. என் கணினியின் இணைய வயரைப் பிடுங்கினேன். என் கணினியில் தெரிந்த அவர் திரை மறைய வேண்டும். மறையவில்லை...

கதவைத் திற. கதவைத் திற.

2.21. எழுந்து ஓடிக் கதவை இழுத்தேன். அசையவில்லை. வெளியே தாழ்ப்பாள் விழுந்திருந்தது. ஜன்னலில் இரும்புக் கம்பிகள். தெருவில் ஒரு கால்கூடத் தெரியவில்லை.

டங்... டங்... டங்...

என் முதுகுக்குப் பின்னால். சுவரோரமாக மாடிவரை போகும் வெந்நீர்க் குழாயில்.

மறுபடி அவருக்குப் போன் செய்தேன்.

“அம்மா, உள்ள மாட்டிக்கிட்டேன்! கீழ வந்து திறங்க!”

“குழாயில தட்றது நீயா?”

“நான் இல்லம்மா! கெஞ்சிக் கேக்கறேன்...”

“அவரும் இப்படித்தான் கெஞ்சினார்.”

போனை வைத்துவிட்டார்.

டங்.

இன்னும் கிட்டே.

டங்.

2.58. தாழ்ப்பாள் விலகியது. கரண்டியும் கையுமாக அழுதபடி நின்றார் ஸ்லாவ்காம்மா. அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

மறுநாள் கடையைக் காலி செய்தபோதுதான் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், குளிர்காலத்துக்கு உப்புநீரில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் பீப்பாயைக் கிளற இதே நிலவறைக்கு இறங்கிய கணவர் வெல்கோ, அங்கேயே ராக்கியா என்கிற பழச்சாராய பாட்டிலோடு உட்கார்ந்துவிட்டாராம்.

“போதை தெளியட்டும்னு தாழ்ப்பாள் போட்டேன் தம்பி. குழாயைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். எனக்குக் கோபம் தீரலை. மூணு நாள் தட்டினார். சத்தம் நின்னப்புறம்தான் போய்த் திறந்தேன்.”

மருத்துவர் எழுதிக்கொடுத்த இறப்புச் சான்றிதழையும் காட்டினார்.

வெல்கோவின் உயிர் பிரிந்தது தாழ்ப்பாள் போட்ட முதல் நாள் மாலையே.