நாலாவது யன்னல்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நானும் மனைவியும் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் ஒரு பழைய இங்கிலிஷ் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் ஒரு கட்டடக் கொம்பனியில் படவரைஞர். வீட்டுக்கார அம்மா எழுபது தாண்டிய விதவை. அவருடைய பாட்டனாரின் தகப்பன் கப்பலேறியபோது இந்த வீட்டின் வரைபடத்தையும் பெட்டியில் வைத்து இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தாராம்.

வரைபடம் இங்கிலாந்து வெயிலுக்குப் போட்டது. அங்கே வெயில் தெற்கிலிருந்து விழும் என்பதால் வரவேற்பறையைத் தெற்குப் பக்கம் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் வெயில் வடக்கிலிருந்து வரும் என்று அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் கேட்கவில்லை. அதனால் மணற்கல் சுவரும் பளிங்கு வைத்த கணப்புமாக இருந்த அழகான வரவேற்பறையில் வருஷம் முழுக்கக் குளிர். வடக்குப் பக்கம் சமையல் நடக்கும் குசினியில் பகல் முழுக்க வெயில். வீட்டுக்கார அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு விருந்தாளிகளோடு முன்னறையில் நடுங்குவார். என் மனைவி குசினியில் மிளகாய் காயவைப்பாள்.

எங்கள் தெருவில் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து மாடிக் குடியிருப்புகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். தன் வீட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று வீட்டுக்கார அம்மா பழைய கட்டடங்களைக் காக்கும் ஒரு சங்கத்துக்கு எழுதினார். அவர்கள் வீட்டின் அளவுப்படம் வேண்டும் என்று பதில் போட்டார்கள்.

"நீங்கள்தான் கோடு போடுகிற வேலை செய்கிறீர்களே," என்றார் வீட்டுக்கார அம்மா என்னிடம். மறுக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடித்தேன், மனைவி மறு நுனியைப் பிடித்தாள். கிழக்குச் சுவர் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அந்தச் சுவரை வெளியே அளந்தால் ஒரு கணக்கு, உள்ளே அளந்து கூட்டினால் ஐந்து அடி குறைந்தது. அடியிலிருந்து மீற்றருக்கு நாடே மாறிக்கொண்டிருந்த காலம். நான்தான் எங்கேயோ மாற்றிப் பெருக்கிவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் அளந்தேன்.

"இஞ்சருங்கோ, நாடாவை விட்டிட்டு யன்னலை எண்ணுங்கோ," என்றாள் மனைவி. "வெளியில நாலு. உள்ளுக்கு மூண்டுதான் கிடக்கு."

எண்ணினேன். அவள் சொன்னது சரி. வெளியே தோட்டக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாலாவது யன்னலின் பச்சை மரக்கதவுகள் எப்போதும் மூடியே இருந்தன. உள்ளே அந்த இடத்தில் வெறும் சுவர்.

"அதுக்குள்ள ஒரு அறை இருக்கு," என்றாள். "எங்களுக்குக் காட்டாமல் வைச்சிருக்கினம்."

"ஐஞ்சு அடியில என்ன அறை?"

"செத்த ஆளை நிமித்தி வைக்க இடம் காணும்தானே."

அன்று முழுக்க அவள் அந்தச் சுவர்ப் பக்கம் தனியாகப் போகவில்லை.

வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். "அந்த யன்னலா? அது பிறவியிலேயே பழுது," என்றார். "என் கணவர் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்த் திருத்துவார். இருபது வருஷம் திருத்தினார், பாவம். கடைசிவரை சரிவரவில்லை."

கணவர் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. தேவாலயத்தில் பெரிய பதவி வகித்தவர். மதுவிலக்குச் சபையின் தலைவரும் அவர்தான். வரவேற்பறையில் மாட்டியிருந்த படத்தில் எங்களைப் பார்த்து முறைப்பார்.

இரண்டு வாரத்தில் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு டை, கையில் சின்னச் சுத்தியல். என் படத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

"இது குருட்டு யன்னல்," என்றார். "உள்ளே புகைபோக்கி ஏறுகிறது. அதனால் அங்கே நிஜ யன்னல் வைக்க முடியாது. ஆனால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் வெறும் கல் என்றால் கண்ணுக்கு ஒவ்வாது. அந்தக் காலத்து இங்கிலிஷ்காரருக்கு வசதியைவிட ஒழுங்குதான் முக்கியம். சும்மா கதவைப் பொருத்தி மூடிவிடுவார்கள். பின்னால் செங்கல்தான் இருக்கும்."

என் மனைவியின் முகத்தில் ஏமாற்றம். வீட்டுக்கார அம்மாவின் முகத்தில் குழப்பம். "திறக்கவே முடியாத யன்னலையா இருபது வருஷம் திருத்தினார்?"

சங்கத்துக்காரர் சுத்தியலால் மெல்லத் தட்டினார். செங்கல் சத்தம் வரவில்லை. கதவின் விளிம்பில் விரலை விட்டு இழுத்தார். ஒரு முனகலும் இல்லாமல் திறந்தது. கதவின் பிணைச்சல்களுக்கு யாரோ அந்தக் காலத்தில் ஒழுங்காக எண்ணெய் போட்டு வந்திருக்கிறார்கள்.

உள்ளே செங்கல்லை அளவாகப் பெயர்த்தெடுத்து, பாவனையில் இல்லாத புகைபோக்கிக்குள் பலகைத் தட்டுகள் அடித்திருந்தது. தட்டு நிறைய வெறும் பியர்ப் போத்தல்கள். கீழே ஒரு மடக்குக் கதிரை, ஒரு கண்ணாடிக் குவளை, அதை மூட இஸ்திரி போட்ட கைக்குட்டை.

சங்கத்துக்காரர் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார், நான் அளவுநாடாவைச் சுற்றினேன்.

வீட்டுக்கார அம்மா கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார். "இதை நான்தான் தைத்தேன்," என்றார். பிறகு, "அந்த மூலையில் இருப்பது இன்னும் உடைக்காத போத்தலா?"

அதுதான். குசினியில் வெயில் விழுந்த மேசையில் நாலு குவளைகளில் ஊற்றினார். என் மனைவி மூக்கருகே வைத்து மணந்து பார்த்துவிட்டு எனக்குத் தள்ளினாள். எனக்கு நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்தது போலிருந்தது. சங்கத்துக்காரர் மரியாதைக்காக முழுவதையும் குடித்தார். வீட்டுக்கார அம்மா ஒரு மிடறு விழுங்கி, கண்ணை மூடித் திறந்தார்.

"இதற்காகவா அந்த மனுஷன் சனிக்கிழமைதோறும் என்னிடம் ஆணி கேட்டார்," என்றார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். என் மனைவிக்கு இங்கிலிஷ் அரைகுறை. ஆனாலும் அவரோடு சேர்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதுவரை இரண்டு பேரும் "குட் மோர்னிங்" தாண்டிப் பேசியதில்லை.

படத்தில் அந்த இடத்துக்கு என்ன எழுதுவது என்று சங்கத்துக்காரரைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "பிற்கால மாற்றம்: அலுமாரி," என்றார். அப்படியே எழுதினேன்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. வீடு பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. படத்தில் காட்டியுள்ள எந்தப் பகுதியையும் அனுமதியின்றி இடிக்கவோ அடைக்கவோ கூடாது என்று அதில் இருந்தது. வீட்டுக்கார அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அப்படியென்றால் அவருடைய அலுமாரியையும் நான் மூட முடியாதா?"

"முடியாது," என்றேன்.

"நல்லது," என்றார் அவர்.