அக்காவின் கொப்பியில் நாங்கள்

சாம்பல்தீவில் பிறந்து அன்புவழிபுரத்தில் வாழ்ந்த எங்கள் அக்கா, சென்ற மாதம் எங்களை விட்டுப் பிரிந்தார். "அமைதியானவர், ஆங்கிலப் புலமை மிக்கவர்" என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி கனடாவிலிருந்து பெரியண்ணா சொன்னார். நான் அப்படி எழுதப் போவதில்லை.

அக்கா துறைமுகத்துக்கு அருகே, ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தார். கடிதங்களில் விளங்காத சொற்களைத் துண்டில் குறித்து வருவார். மாலையில் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, அவற்றைக் கொப்பியில் எழுதி, தமிழில் பொருளும் கீழே ஆங்கிலத்தில் ஒரு வசனமும் எழுதுவார். தெரிந்த ஆளை வைத்து வசனம் எழுதினால்தான் சொல் மறக்காது என்பார். அதனால் வசனங்களில் வந்தவர்கள் எல்லாரும் நாங்களே.

"உலை கொதிக்குது, இங்க ஒராள் துரைசாணி மாதிரி இருந்து எழுதுறா" என்பார் எங்களோடிருந்த மாமி. அக்கா ஒரு சொல்லை வாய்விட்டுச் சொன்னால், பெரியண்ணா மூக்கால் சொல்லிக் காட்டுவார். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்தப் பெரியண்ணா கனடா போவதற்கான கடிதங்களையெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அக்கா.

கொழும்பில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு அக்கா விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வுக்கான பதிவுத்தபாலைக் கையொப்பமிட்டு வாங்கியவள் நான். அம்மா படுக்கையில் இருந்தார். எனக்குக் கலியாணம் பேசியிருந்தது. அக்கா போனால் அம்மாவை யார் பார்ப்பது? கடிதத்தை அடுப்பில் வைத்தேன்.

"எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ?"

"இல்லை அக்கா."

அதன்பின் அம்மாவைக் கடைசி நாள்வரை பார்த்தவர் அக்கா. தமக்கென்று ஒரு வாழ்க்கையைத் தேடவில்லை.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து கொப்பிகளைத் திறந்தோம். 'ஒப்ஸீக்வியஸ்' என்றால் அளவுக்கு மீறிக் குழைகின்ற என்று பொருள். கீழே, கடிதம் தேவைப்படும் நாட்களில் மட்டும் பெரியண்ணா அப்படி இருப்பார் என்று எழுதியிருந்தது. அதை அவருக்கே தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"கொப்பியள எரிச்சுப்போடு. ஆக்கள் பார்த்தா மானம் போயிடும்."

"ஏலாது அண்ணா" என்றேன். புலமை மட்டும் மலருக்கு வேண்டுமாம், தூ!

கடைசியாகத் திறந்த கொப்பிக்குள் மடித்த கடிதமொன்று இருந்தது. முதற்கடிதம் என் கையொப்பத்துடன் பெறப்பட்டும் அக்கா நேர்முகத் தேர்வுக்கு ஏன் வரவில்லை என்று, கொழும்பிலிருந்து அக்காவின் அலுவலகத்துக்கு வந்த கடிதம். அந்தப் பக்கத்தில் 'கிளான்டஸ்டைன்', கள்ளத்தனமான என்று பொருள். கீழிருந்த வசனம் தமிழில் இப்படி வரும்: "என் தங்கையின் கள்ளத்தனம் எனக்குத் தெரியும். நாளை அவளுக்குக் கலியாணக் கூறை உடுத்திவிடும்போது முகத்தைக் கடுமையாக வைத்திருக்கக் கூடாது."

வைத்திருக்கவில்லை. சிரித்த முகத்தோடுதான் உடுத்திவிட்டார். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அந்த நாட்களில் தம் அகராதியை அக்காவுக்கே கொடுத்துவிட்ட, இறுதி மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த அவரது கிண்ணியா ஊர்ச் சிநேகிதிக்கு எங்கள் நன்றி. வேறெவருக்கும் நன்றி எழுத மனம் வரவில்லை.

கொப்பிகள் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. உங்களைப் பற்றிய பக்கத்தைப் பார்க்க விரும்பும் உறவினர்கள் வரலாம். என் பக்கத்தை முதலில் காட்டுகிறேன்.

தங்கை