வலது பெரியவனுக்கு, இடது சின்னவனுக்கு

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் பையன்கள். ஒன்றையே தூக்கத் தெரியாதவளிடம் இரண்டைக் கொடுத்தால் என்ன செய்வாள்? சட்டம் போட்டேன். வலது மார்பு பெரியவனுக்கு, இடது சின்னவனுக்கு.

யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. நான் நெரவியில் நெல் சாகுபடி செய்கிற குடும்பத்துப் பெண். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எப்போது முறை என்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சண்டை வந்து, பேச்சுவார்த்தை நின்றுபோனது. என் கல்யாணப் பத்திரிகைகூட அவருக்குத் தபாலில்தான் போனது, பக்கத்து வீட்டுக்கு. என் பிள்ளைகளாவது தகராறு இல்லாமல் வளரட்டும் என்று, அவர்கள் கண்ணைச் சரியாகத் திறப்பதற்கு முன்பே பாகப்பிரிவினை செய்துவைத்தேன். காரைக்காலில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

பெரியவன் பிறக்கும்போதே தெம்பானவன். முட்டி முட்டிக் குடிப்பான். சின்னவன் சோனி. கொஞ்சம் இழுப்பான், களைத்துத் தூங்கிவிடுவான், உடனே பசித்து அழுவான். வலது பக்கம் புடவை நனைகிற அளவுக்குச் சுரந்தது. இடது பக்கம் நாளுக்கு நாள் வற்றியது. குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும் என்பது எனக்குத் தெரியாது. பக்கம் மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் தோன்றவில்லை. அது பெரியவன் சொத்தாயிற்றே!

சின்னவனின் கை கால் குச்சியாகிக்கொண்டே போனது. இவன் தங்குவானா என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள், "ரெட்டப் புள்ளக்காரிக்குன்னே எடுத்தாந்தேன்" என்று வாசலில் கூடையை இறக்கிப் பால்சுறாவைப் போடுவாள். தினமும் சுறாப்புட்டு. என் மேல் வீசிய வாடையில் என் கணவர் ஜன்னலோரமாகவே உட்காரப் பழகிக்கொண்டார். தின்ற சுறா அத்தனையும் வலது பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தது.

மாடியில் எங்கள் வீட்டுக்காரம்மா இருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். ஒருநாள் பால் பவுடர் டின்னோடு இறங்கி வந்தார்.

"புள்ளயப் பட்டினி போடாதம்மா. பிரான்சுலேருந்து எம்மவன் அனுப்புனது. கரைச்சுக் குடு."

டின் மேல் ஒரு குழந்தையின் படம். என் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாலும் அந்தக் கன்னம் வராது. அதைப் பார்த்ததுமே நான் தோற்றுப்போனேன்.

புட்டிப்பாலில் சின்னவன் உடம்பு தேறியது. அத்தோடு விட்டிருக்கலாம். என் நியாயபுத்தி விட்டால்தானே? ஒருவனுக்குத் தாய்ப்பால், ஒருவனுக்கு டின் பால் என்றால், நாளைக்கு மீசை முளைத்து வந்து சின்னவன் கேட்க மாட்டானா? பஞ்சாயத்தை இப்போதே முடித்துவிடலாம் என்று பெரியவனுக்கும் நிறுத்தினேன். அத்தை மல்லிகைச்சரம் வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். சுறா வாடை போய் வீடு கல்யாண வீடாக மணந்தது. நான் மட்டும் வலி தாங்காமல் அழுதேன்.

மறுநாள் மத்தியானம் வலது பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டது. பிள்ளை கொஞ்சம் குடித்தால் வலி குறையுமே என்று பூவை அவிழ்த்தேன். பெரியவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். விழித்திருந்தவன் சின்னவன். பெரியவனிடம் மனதுக்குள் அனுமதி கேட்டுக்கொண்டு, அவன் பங்கில் தம்பியைப் போட்டேன்.

அவனுக்கு இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. பால் தானாக வந்தது. கடைவாயில் வழிய வழிய, மூச்சு வாங்கிக்கொண்டு குடித்தான். என் கைக்கு அடியில் அவன் வயிறு மெல்ல உப்பியது. இந்த மடையை அடைத்து அந்த மடையைத் திறப்பது எங்கள் ஊரில் அரை டவுசர் போட்ட பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. என் பிள்ளை முதல் தடவையாக என்னிடம் வயிறு நிறையக் குடிக்கிறான்.

அதுவே கடைசித் தடவையும் ஆயிற்று. அன்று சாயங்காலம் எனக்கு வந்த காய்ச்சல் விடுவதற்குள் பால் அடியோடு வற்றிவிட்டது. அது எனக்கு அப்போது தெரியாது. அத்தை புதுச் சரத்தோடு உள்ளே வந்து, "பூவ ஏம்மா அவுத்தே?" என்றார்.

"செத்த இருங்க அத்தை," என்றேன். "அவன் குடிச்சு முடிச்சுக்கட்டும்."