ஃபைல் வராத நேரம்

தில்லைநகரில் வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் கூட்டித் துடைக்கிறேன், டீ போட்டுத் தருகிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப்போய்க் கதவைத் திறப்பது நான்தான். சாவி என்னிடம்தான் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு குண்டூசி இடம் மாறியது என்றுகூட யாரும் என்னைக் கேட்டதில்லை. அதனால்தான் போன வைகாசியில் வந்த பேச்சு அவ்வளவு கசந்தது.

முன்னறையில் மூன்று பேர் கம்ப்யூட்டரில் படம் வரைவார்கள். உள்ளறையில் முதலாளி. வரைந்ததெல்லாம் ஒரே இடத்தில் இருக்குமாம், அவரவர் இருந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாமாம். பொதுக் குழாய் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். சித்திரைக் கடைசியில் அந்தக் குழாய் சில நேரம் நின்றுபோக ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் நிற்கும், ஒரு நாள் மத்தியானம் நிற்கும். முசிறியிலிருந்து வந்தவர் பிளானுக்காகக் காத்துக் கிடப்பார். படம் வரையும் பெண் "ஃபைல் வரலையே" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். ஒன்றரை மணி நேரம் போனால் தானாக வந்துவிடும்.

ரிப்பேர்காரர் மூன்று தடவை வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

"உங்களப் பாத்தா அதுக்குப் பயம் போல" என்றாள் அந்தப் பெண்.

அவர் வயரை மாற்றினார், விளக்கு மினுக்கும் பெட்டியை மாற்றினார். பிறகு முதலாளியைக் கேட்டார்: "எல்லாமே உங்க லேப்டாப்லதான் சார் இருக்கு. நடுவுல ஆஃப் பண்றீங்களா?"

"நான் ஆஃப் பண்றதே இல்லையேப்பா."

ரிப்பேர்காரர் தரையைப் பார்த்தார். "அப்ப வயர்தான். துடைக்கிறப்ப ஈரம் பட்டிருக்கும், இல்ல இழுபட்டிருக்கும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி, "இனிமே என் ரூம்ல நீங்க துடைக்க வேணாம்மா. வயர் பக்கமே போகாதீங்க" என்றார். அன்றைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில், அம்மா மண்டபத்தில் இறங்க வேண்டியவள் யோசனையில் ராஜகோபுரம் வரைக்கும் போய்விட்டேன்.

ராத்தூக்கம் போய்விட்டது. யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமைப் புழுதிக்காக நான் அதிகம் தண்ணீர் விட்டுத் துடைப்பது திங்கட்கிழமை. திங்கட்கிழமை மட்டும் ஃபைல் ஒரு நாளும் நின்றதில்லை. ஈரம் காரணம் என்றால் அன்றைக்குத்தானே நிற்க வேண்டும்?

எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். எண் நன்றாக வரும். காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பதும் என் வேலை. கிழித்ததைப் போடாமல், முந்தின நாள் ஃபைல் நின்ற நேரத்தையும் வந்த நேரத்தையும் அதன் பின்பக்கம் குறித்து வைத்தேன். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று காட்டுவதற்குத்தான். செவ்வாய் மூன்று மணி. புதன் பன்னிரண்டு. வியாழன் ஒன்றரை. வெள்ளி பத்தரை. சனி ஒன்பது. அடுத்த வாரமும் அதே நேரங்கள். தாளைத் திருப்பினேன். முன்பக்கம், ராகு காலம் என்ற கட்டத்தில், நான் குறித்த அதே எண்கள் அச்சாகியிருந்தன. திங்கட்கிழமைக்கு ஏழரை; ஆபீஸுக்கு ஆள் வருவதற்குள் அது கழிந்துவிடும்.

மறு வெள்ளிக்கிழமை பத்தரைக்கு டீ கொண்டுபோனேன். முதலாளி லேப்டாப்பை மூடித் தள்ளி வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்திரையில் ஒரு பெரிய வேலை கை நழுவிப்போனதிலிருந்து ராகு காலத்தில் அவர் எதிலும் கை வைப்பதில்லை.

நானும் அந்த நேரம் கழியட்டும் என்று பன்னிரண்டு வரை இருந்துவிட்டுத்தான் மறுபடி உள்ளே போனேன். முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். தனியாக இருந்தால் தம்பி என்பேன். தாள்களை மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க."

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது. "மூடித்தானம்மா வச்சேன். ஆஃப் பண்ணலையே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. நீங்க மூடுனா போவுது, தொறந்தா வருது."

ரிப்பேர்காரருக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. "மூடினா அது தூங்கிடும் சார்" என்றாராம். சாயங்காலத்துக்குள் வந்து, படங்களையெல்லாம் முன்னறைக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மாற்றிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை.

முதலாளி வெளியே வந்து, "வயர்தான் கோளாறு. சரி பண்ணியாச்சு" என்று எல்லாருக்கும் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

எல்லாரும் கிளம்பும்வரை நின்றேன். "தம்பி, எம்மேல தப்பில்லன்னு அவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"அதான் சரியாயிடுச்சேம்மா, விடுங்க. நாளைலேர்ந்து என் ரூமையும் துடைங்க."

"நாலு பேர் முன்னாடி வேணாம்னீங்க. நாலு பேர் முன்னாடி வாங்கன்னாத்தான் வருவேன்."

சிரிப்பார்களே என்று கூசுகிறார். அது எனக்குப் புரிகிறது. நாள் நட்சத்திரம் பார்ப்பதில் என்ன வெட்கம்? நானும் பார்ப்பவள்தான். ஆனால் அவருடைய கூச்சத்துக்கு என் பேரையா கொடுப்பது?

ஆடி பிறந்துவிட்டது. தன் அறையை அவரே கூட்டிக்கொள்கிறார். மூலையில் புழுதி அப்படியே நிற்கிறது, எனக்குத்தான் கை பரபரக்கிறது.

நேற்று அந்தப் பெண் கேட்டாள்: "ஏம்மா, சார் ரூமுக்குப் போறதே இல்ல? வயருன்னா பயமா?"

"சாரையே கேளு கண்ணு" என்றேன். அவள் கேட்கவில்லை.